டேஷ்போர்டைக் காப்பாற்ற எது: சன்ஷேடா, மேட்டா, பாலிஷா?

போன சித்திரையில் காரின் உட்புறத்தைத் துடைக்கும்போது, டேஷ்போர்டின் நடுவில் ஒட்டியிருந்த பிள்ளையாரைப் பெயர்த்து எடுத்தேன். கார் வாங்கிய நாளிலிருந்து அதே இடத்தில் இருந்தவர். பீடம் இருந்த இடத்தில் மட்டும், ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு, பிளாஸ்டிக் கருகருவென்று இருந்தது. ஷோரூமிலிருந்து வந்த அன்று இருந்த அதே நிறம். சுற்றிலும் சாம்பல் பூத்த மாதிரி வெளிறிக் கிடந்தது. அப்புறம்தான் இடது பக்கம் பார்த்தேன். ஏர்பேக் மூடியின் ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு விரிசல்.

வேலூரில் எங்கள் அலுவலக வாசலில் நிழல் கிடையாது. காலை ஒன்பது மணிக்கு நிறுத்தினால் மாலை ஆறு வரை வண்டி வெயிலில்தான் நிற்கும். என்ன செய்யலாம் என்று ஆக்சசரீஸ் கடையில் கேட்டேன். வெல்வெட் மேட் போடுங்கள் என்றார் ஒருவர், பாலிஷ் போதும் என்றார் இன்னொருவர். நிறுத்திய காரின் முன் கண்ணாடிக்கு உட்புறம் விரித்து வைக்கும் மறைப்பான சன்ஷேடை இருவருமே சொல்லவில்லை. நான் கடைசியில் வந்து சேர்ந்தது அதில்தான்.

முதலில் டேஷ்போர்டைக் கெடுப்பது எது என்று பார்க்க வேண்டும். புற ஊதாக் கதிர் என்று எல்லோரும் சொல்வது பாதிதான் சரி. முன் கண்ணாடி என்பது இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. அந்தக் கண்ணாடியே புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். பக்கக் கண்ணாடிகள் பெரும்பாலும் ஒற்றைத் தகடு, அவற்றின் வழியாகத்தான் அது கூடுதலாக உள்ளே வருகிறது. முன் கண்ணாடி வழியாகத் தாராளமாக வருவது வெளிச்சமும் அதோடு சேர்ந்த அகச்சிவப்பும். கறுப்பு டேஷ்போர்டு இரண்டையும் வாங்கிச் சூடாகிறது. சூடானபின் அது விடும் வெப்பக் கதிரைக் கண்ணாடி வெளியே விடாது.

அந்தச் சூட்டில்தான் உண்மையான சேதம். பல டேஷ்போர்டுகளின் மேல்தோலை வளைந்து கொடுக்கும்படி வைத்திருக்க எண்ணெய் போன்ற ஒரு பொருளைக் கலந்திருப்பார்கள், பிளாஸ்டிசைசர் என்று பெயர். வருடக்கணக்கில் சூடேறச் சூடேற அது கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். இரவில் எதிரே லாரி லைட் அடிக்கும்போது முன் கண்ணாடியின் உட்புறம் மங்கலாக, எண்ணெய்க் கையால் தடவிய மாதிரி தெரிகிறதே, அதில் ஒரு பங்கு இப்படி வந்து படிந்ததுதான். எண்ணெய்ப் பசை போனபின் தோல் விறைத்து, சுருங்கி, பலவீனமான இடத்தில் விரியும்.

சூடு எவ்வளவு என்பதற்கு நம்பகமான அளவு ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் அரிசோனாவின் டெம்பி நகரில் கடும் கோடையில் அளந்து 2018இல் வெளியிட்டார்கள். ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற கார்களில் டேஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி செல்சியஸ், ஸ்டீயரிங் 53. நிழலில் நின்ற கார்களில் டேஷ்போர்டு 48 டிகிரிதான். காரில் விட்டுச் செல்லப்படும் குழந்தைகளின் ஆபத்தை அறிவதற்காக நடந்த ஆய்வு அது. நிழலில் நின்ற காரும் குழந்தைக்குப் பாதுகாப்பில்லை என்பது அதில் தெளிவாகத் தெரிந்தது. இதை நினைவில் வையுங்கள். டேஷ்போர்டு விஷயத்தில் மட்டும் பார்த்தால், வெளிச்சம் நேரே விழாமல் தடுத்ததற்கே 21 டிகிரி குறைந்திருக்கிறது.

இனி சன்ஷேடையும் மேட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். சன்ஷேட் வெளிச்சத்தைக் கண்ணாடியிலேயே திருப்பி அனுப்புகிறது. அதனால் டேஷ்போர்டு, ஸ்டீயரிங், முன் சீட்டின் ஒரு பகுதி எல்லாமே தப்பிக்கின்றன. மேட், வெளிச்சம் உள்ளே வந்தபின் அதைத் தான் வாங்கிக்கொள்கிறது. நிறம் வெளிறுவதை அது தடுக்கும், சந்தேகமில்லை. ஆனால் கறுப்பு வெல்வெட்டும் சூடாகும், அந்தச் சூடு கீழேயும் இறங்கும், காருக்குள்ளேயும் பரவும். ஸ்டீயரிங்குக்கு ஒரு பயனும் இல்லை.

மேட்டில் எனக்குப் பெரிய கவலை ஏர்பேக். முன் பயணியின் ஏர்பேக் டேஷ்போர்டின் மூடியைப் பிளந்துகொண்டு, கண் இமைப்பதற்குள் விரிய வேண்டும். அதன் மேல் ஒரு துணியை வெல்க்ரோவாலும் பசையாலும் ஒட்டி வைப்பது சரியில்லை. அந்த இடம் வெட்டிவிடப்பட்ட, உங்கள் மாடலுக்கென்றே தைத்த மேட் கிடைத்தால் மட்டும் வாங்குங்கள். கண்ணாடியின் பனியை விலக்கும் காற்றுத் துளைகளையும், தானாக எரியும் ஹெட்லைட்டுக்கான சென்சாரையும் அது மூடக்கூடாது. ஓடும்போது டேஷ்போர்டின் பளபளப்பு கண்ணாடியில் பிரதிபலித்துக் கண்ணைக் கூசுகிறது என்றால் மேட் அருமையாக வேலை செய்யும். அதை வாங்க அது ஒன்றுதான் நல்ல காரணம்.

சன்ஷேடிலும் வகை பார்க்க வேண்டும். கம்பிச் சட்டத்தில் துணி மாட்டிய வட்ட வகை முறுக்கினால் கைக்கு அடக்கமாக மடங்கும், ஆனால் ஓரங்களில் வெயில் கசியும். குடை வகை விரிக்கச் சுலபம். அதன் கைப்பிடியும் கம்பி முனைகளும் தொடுதிரையில் கீறல் போடும், ஒரு துணியைச் சுற்றிவிட்டால் நல்லது. நான் வைத்திருப்பது காற்றுக்குமிழி ஷீட்டின் மேல் வெள்ளித் தாள் ஒட்டிய சாதாரண வகை. சில நூறு ரூபாய்தான். முன் கண்ணாடியின் அளவுக்கு ஏற்ப, நடுக்கண்ணாடி மாட்டிய இடத்தில் கத்தரியால் ஒரு வளைவு வெட்டினேன். மேலே இரண்டு வைசர்களும் பிடித்துக்கொள்கின்றன. ஒரு பக்கம் வெள்ளி, மறுபக்கம் கறுப்பு என்றால் வெள்ளிதான் வெளியே பார்க்க வேண்டும். தலைகீழாக மாட்டிய கார்களை நிறையப் பார்க்கிறேன், வருத்தமாக இருக்கிறது.

இதிலும் ஒரு குறை உண்டு. ஷேடுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும் பொருள் நன்றாக வெந்துவிடும். டேஷ்கேம் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். லித்தியம் பேட்டரி உள்ள கேமரா என்றால் கழற்றி எடுத்து வைப்பதே நல்லது, கெபாசிட்டர் உள்ளவை சூட்டை இன்னும் நன்றாகத் தாங்கும். அப்புறம், ஷேட் போட்டதால் காருக்குள் குளுகுளுவென்று இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். கூரையும் பக்கக் கண்ணாடிகளும் தங்கள் பங்குக்குச் சூடேற்றும். ஆனால் மாலையில் டேஷ்போர்டில் உள்ளங்கையை வைத்துப் பத்து எண்ண முடிகிறது. முன்பு மூன்றுக்கு மேல் முடியாது.

பாலிஷை நான் பாதுகாப்புக் கணக்கிலேயே சேர்க்கமாட்டேன். சூட்டை அது தடுக்காது. சிலிகான் எண்ணெய் மிகுந்த பளபளப்பு வகைகளில் தூசி ஒட்டும், கண்ணாடியில் பிரதிபலிப்பு கூடும். தண்ணீர் கலந்து செய்த, புற ஊதாத் தடுப்பு உள்ள, பளபளக்காத வகையை மாதம் ஒருமுறை துணியில் எடுத்துத் துடைத்தால் மேல்பரப்பு சுத்தமாக இருக்கும், அவ்வளவுதான். அதைவிட முக்கியம், திரவ சென்ட் பாட்டிலை டேஷ்போர்டில் வைக்காமல் இருப்பது. கசிந்தால் பிளாஸ்டிக்கையே அரித்துவிடும்.

கார் கண்ணாடிகளில் ஃபிலிம் ஒட்டுவது பற்றியும் கேட்பார்கள். வெப்பத்தைத் தடுக்கும் நல்ல ஃபிலிம்கள் இருக்கின்றன, காருக்குள் இருப்பவருக்கும் சுகம். ஆனால் சட்டத்தைப் பார்க்க வேண்டும். முன், பின் கண்ணாடிகளில் 70 சதவீதமும் பக்கங்களில் 50 சதவீதமும் வெளிச்சம் ஊடுருவ வேண்டும் என்பது விதி. 2012இல் உச்ச நீதிமன்றம் ஃபிலிமையே தடுத்தது. பின்னர் விதி திருத்தப்பட்டது. அதை வைத்து, அந்த அளவுக்குள் இருந்தால் ஒட்டலாம் என்று 2024இல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. கண்ணாடி ஏற்கெனவே லேசான பச்சையோடு வந்திருந்தால், மேலே ஒட்டும் எதுவும் எல்லையைத் தாண்டிவிடலாம். சாலையில் நிறுத்தி வாதாட எனக்குத் தெம்பில்லை, அதனால் ஒட்டவில்லை.

முழு கார் கவர் வாரக்கணக்கில் நிற்கும் வண்டிக்குச் சரி. தினமும் போட்டு எடுத்தால் தூசி உரசிப் பெயின்ட்டில் கோடு விழும். மர நிழல் கிடைத்தால் எல்லாவற்றையும்விட மேல், பறவை எச்சத்தை அன்றன்றே கழுவிவிட வேண்டும்.

விரிசல் ஏற்கெனவே விழுந்துவிட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏர்பேக் மூடியின் அருகில் என்றால் பசை வைத்து ஒட்டாதீர்கள், மேலே ரெக்சின் இழுத்துத் தைக்கவும் விடாதீர்கள், இரண்டும் மூடி திறக்க வேண்டிய கோட்டைப் பூட்டிவிடும். நான் என் விரிசலை அப்படியே விட்டிருக்கிறேன். அதன் முனையில் வெள்ளைப் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். ஷேட் போட ஆரம்பித்து ஒரு முழுக் கோடை போய்விட்டது, விரிசல் இன்னும் அந்தப் புள்ளியைத் தாண்டவில்லை.