யூடியூப் பிரீமியம்: விளம்பரம் போகிறது, விற்பனை போவதில்லை

இந்தியாவில் 2019 மார்ச்சில் மாதம் 129 ரூபாய்க்கு அறிமுகமாகி, 2024 ஆகஸ்டில் 149 ரூபாயாக உயர்த்தப்பட்ட யூடியூப் பிரீமியம் சந்தா, விளம்பரமில்லாத காணொளிகளையும், திரை அணைந்த பின்னும் தொடரும் ஒலியையும், பதிவிறக்கிப் பார்க்கும் வசதியையும், யூடியூப் மியூசிக் சேவையையும் தருகிறது. இவை சொன்னபடியே இயங்குகின்றன. அலசுவதற்கு அதில் அதிகமில்லை. ஆனால் விளம்பரத்தை நீக்கிவிட்டால் எஞ்சுவது வணிகம் கலக்காத காணொளியாக இருக்கும் என்று எண்ணிப் பணம் கட்டுபவருக்கு அது கிடைப்பதில்லை. விளம்பர வருமானத்தின் விதிகள் காணொளியின் நீளத்தையும் தலைப்பையும் பேச்சையும் முன்பே வடிவமைத்து முடித்துவிடுகின்றன.

மிக்ஸி ஜாரின் அடியில் தேய்ந்துபோன, ஜாரை மோட்டாரோடு இணைக்கும் கப்ளரை மாற்றுவது எப்படி என்று விளக்கும் ஒரு தமிழ்க் காணொளியை அண்மையில் பார்த்தேன். ஜாரைக் கவிழ்த்து, உள்ளே பிளேடு சுற்றாதபடி பிடித்துக்கொண்டு, மரையின் திசையறிந்து கப்ளரைத் திருகிக் கழற்ற வேண்டும். செய்து காட்டும் பகுதி இரண்டு நிமிடம்கூட இல்லை. காணொளியோ எட்டு நிமிடத்தைச் சில நொடிகள் தாண்டி முடிகிறது. முதலில் பின்னால் வரப்போகும் காட்சிகளின் துணுக்குகள், பிறகு வணக்கம், சப்ஸ்கிரைப் செய்து பெல் பட்டனை அழுத்தும்படி வேண்டுகோள், நடுவில் ஒரு செயலிக்கான பரிந்துரை என்று நீண்டுகொண்டே போய், எந்தப் பக்கம் திருக வேண்டும் என்ற அந்த ஒரே செய்தி ஆறாம் நிமிடத்தில்தான் வருகிறது. பிரீமியம் சந்தாதாரருக்கும் வருவது இதே காணொளிதான்.

எட்டு நிமிடம் என்பது தற்செயல் அல்ல. காணொளியின் நடுவில் விளம்பரம் வைக்க முன்பு பத்து நிமிட நீளம் தேவைப்பட்டது. 2020 ஜூலையில் யூடியூப் அதை எட்டு நிமிடமாகக் குறைத்தது. அதற்கு முன்பே, 2012இல், எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்குப் பரிந்துரைகளில் முன்னுரிமை தரத் தொடங்கியிருந்தார்கள். பொய்யான தலைப்பிட்டுக் கிளிக் வாங்குபவர்களை அடக்கக் கொண்டுவரப்பட்ட அந்த மாற்றம் நியாயமானதே. ஆனால் நேரமே காசானபோது, சுருக்கமாகச் சொல்லத் தெரிந்தவருக்கு அந்தத் திறமையே நட்டமாயிற்று. 2005 ஏப்ரல் 23 அன்று பதிவேற்றப்பட்ட, நிறுவனர்களில் ஒருவரான ஜாவேத் கரீம் விலங்குக்காட்சிச் சாலையில் நின்று பேசிய, யூடியூபின் முதல் காணொளி வெறும் 19 நொடிகள்தான். சொல்ல இருந்ததைச் சொல்லி முடித்ததும் அது நின்றுவிடுகிறது.

பணம் வந்ததே தவறு என்று நான் சொல்லவில்லை. 2006இல் 165 கோடி டாலருக்கு கூகுள் வாங்கிய இத்தளம், 2007இல் பார்ட்னர் திட்டத்தைத் தொடங்கி வருமானத்தைப் படைப்பாளர்களோடு பகிர முன்வந்தது. நீளக் காணொளிகளின் விளம்பர வருவாயில் 55 விழுக்காடு இன்றும் அவர்களுக்குப் போகிறது. ஒரு தொலைக்காட்சி நிலையத்தின் வாசலைக்கூட மிதித்திராதவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வாய்ப்பு என்பதற்குப் புதுக்கோட்டை மாவட்டத்தின் சின்ன வீரமங்கலத்திலிருந்து 2018இல் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சேனலே சான்று. வயல்வெளியில் அடுப்பு மூட்டிச் சமைத்த அந்த விவசாயக் குடும்பம் 2021இல் ஒரு கோடி சந்தாதாரர்களை எட்டியதோடு, முதலமைச்சரின் நிவாரண நிதிக்குப் பத்து லட்சம் ரூபாயும் அளித்தது. இப்படிப்பட்டவர்களைக் கண்டடைய வழி செய்த தளம் என்பதால்தான் அதன் போக்கைப் பற்றி எனக்கு இவ்வளவு கவலை.

தீவிரவாதக் காணொளிகளின் அருகே தங்கள் விளம்பரங்கள் வருகின்றன என்று தெரிந்து 2017இல் பெரிய நிறுவனங்கள் பல பின்வாங்கின. அதன் பிறகு விளம்பரதாரருக்கு உவப்பானது எது என்ற கேள்வி, படைப்பாளர்களின் வாயைக் கட்டும் அளவுக்கு வளர்ந்தது. படைப்பாளரின் யூடியூப் கணக்கில் ஒரு காணொளிக்கு மஞ்சள் நிற டாலர் குறி விழுந்தால் அதற்கு விளம்பரம் குறையும். ஆகவே தற்கொலை, போதைப்பொருள், பாலியல் வன்முறை என்ற சொற்கள் வரும் இடத்தில் 'பீப்' ஒலி ஒலிக்கிறது. எழுத்தில் நட்சத்திரக் குறி விழுகிறது. வளரிளம் பிள்ளைகளின் பெற்றோருக்கு வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டிய செய்திகள் இவை. விளம்பரமே பார்க்காமல் பணம் கட்டுபவரும், விளம்பரதாரருக்காக மழுங்கடிக்கப்பட்ட அதே பேச்சைத்தான் கேட்கிறார். இந்தச் சேவையில் எனக்கு மிகவும் வருத்தம் தரும் குறை இதுவே.

சிறிய சேனல்களின் நிலை இன்னும் மோசம். 2018 முதல், ஆயிரம் சந்தாதாரர்களும் ஓராண்டில் நான்காயிரம் மணி நேரப் பார்வையும் இருந்தால்தான் விளம்பர வருமானத்தில் பங்கு என்றானது. பின்னர் ஷார்ட்ஸ் வழியாகத் தகுதி பெறவும் வழி வந்தது என்றாலும், 2020 நவம்பரில் மாற்றப்பட்ட விதிமுறைப்படி, அந்தத் தகுதியை எட்டாதவர்களின் காணொளிகளிலும் விளம்பரம் போட்டு முழு வருமானத்தையும் யூடியூபே எடுத்துக்கொள்ளலாம். நாட்டுப்புறப் பாடல்களையோ வட்டார வரலாற்றையோ சில நூறு பேருக்காகப் பதிவேற்றும் ஒருவரின் உழைப்பில் இப்படி ஈட்டுவதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. 2024இல் மட்டும் விளம்பரத்தின் வழியே 3,600 கோடி டாலருக்கு மேல் ஈட்டிய தளம் இது.

இந்தியப் பார்வையாளர்களுக்கான விளம்பர விலை அமெரிக்காவோடு ஒப்பிட மிகக் குறைவு என்பதால், இங்குள்ள யூடியூபர்கள் நிறுவனங்களிடம் நேரடியாகப் பணம் பெற்றுப் பேசும் விளம்பரங்களை நம்பியிருக்கிறார்கள். ஆன்லைன் ரம்மி செயலிகள் இவ்வழியே எத்தனையோ வீடுகளுக்குள் நுழைந்தன. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையும் அவற்றின் விளம்பரங்களையும் தடை செய்ய 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. கட்டண விளம்பரம் அடங்கியது என்ற சிறு அறிவிப்பு எல்லோருக்கும் வருவதுதான்; காணொளிக்குள்ளேயே பேசப்படும் இவ்விளம்பரங்களைப் பிரீமியம் நீக்குவதில்லை. 2021 நவம்பரில் டிஸ்லைக் எண்ணிக்கையை மறைத்ததால், ஏமாற்றுக் காணொளியைப் பார்த்த மாத்திரத்தில் இனங்காணும் வழியும் போயிற்று.

அப்படியானால் வாங்கலாமா? தொலைக்காட்சியில் குடும்பத்தோடு பார்ப்பவர்களுக்கு, ஒரே வீட்டில் வசிக்கும் ஆறு பேர் வரை பகிரக்கூடிய 299 ரூபாய்த் திட்டம் பயனுள்ளது. மாணவர்களுக்கு 89 ரூபாய்த் திட்டமும் இருக்கிறது. கட்டும் தொகையில் ஒரு பகுதி நாம் பார்க்கும் சேனல்களுக்குச் செல்கிறது என்பதும் நல்ல செய்தி. ஆனால் அந்தப் பங்கும் பார்க்கும் நேரத்தை வைத்தே பிரிக்கப்படுவதால், இரண்டு நிமிடத்தில் கப்ளரை மாற்றக் கற்றுக்கொடுப்பவருக்கு எட்டு நிமிடக்காரரைவிடக் குறைவாகவே கிடைக்கும். தனியாகப் பார்க்கும் ஒருவர் மாதம் 149 ரூபாய் செலவிடத் தயாராக இருந்தால், தாம் மதிக்கும் ஒரு சேனலின் 'ஜாயின்' பட்டனை அழுத்தி உறுப்பினராவதையே நான் பரிந்துரைப்பேன். விளம்பரங்களைப் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். ஆனால் அந்தக் கட்டணத்தில் வரி போக 70 விழுக்காடு படைப்பாளரைச் சேர்கிறது, காணொளியின் நீளமும் அதில் கணக்கில் வருவதில்லை.