ரெட்பிஷுக்கு எது: நண்டுத் துண்டா, தங்க நிற ஸ்பூன் என்ற உலோகப் போலி இரையா?

ரெட்பிஷ் எனப்படும் ரெட் டிரம், கத்தலை மீனின் உறவுக்காரன். வாய் சற்றுக் கீழ்நோக்கி இருக்கும். தரையைக் கிளறி நண்டும் இறாலும் தின்பதே அதன் பிழைப்பு. அதனால் நண்டுத் துண்டுதான் சரியான இரை என்பார்கள் லூசியானா சதுப்புகளில் தூண்டில் போடும் பலர். கலங்கிய தண்ணீரில் நானும் அந்தக் கட்சிதான். மீன் கண்ணை நம்ப முடியாத இடத்தில் வாசனை வேலை செய்கிறது. நீல நண்டின் மேலோட்டைக் கழற்றி, இரண்டாக வெட்டி, கால் முறிந்த குழி வழியே தூண்டில் முள்ளை ஏற்றினால் லேசில் கழன்று விழாது. இறாலோ சில்லறை மீன்கள் கொத்தியே காலியாகிவிடும்.

நண்டின் குறை வேறு. பொறுமையாகத் தின்னும் மீன் முள்ளையும் விழுங்கிவிடுகிறது. டெக்சாஸில் பொதுவாக 20 முதல் 28 அங்குலம் வரையுள்ளதைத்தான் வைத்துக்கொள்ளலாம். லூசியானாவில் 2024 முதல் 18 முதல் 27 அங்குலம். மற்றவை கடலுக்கே திரும்ப வேண்டும். தொண்டையில் முள் குத்திய மீனைத் திருப்பி விட்டு என்ன பயன்? நுனி உள்நோக்கி வளைந்த வட்ட முள் போடுங்கள். கடித்ததும் வெடுக்கென்று இழுக்காதீர்கள், தூண்டில் நரம்பு தானாக இறுகட்டும்.

ஸ்பூனின் ருசியே தனி. டெக்சாஸ் கரையோரக் காயலான லகுனா மாட்ரே போன்ற தெளிந்த, முழங்காலளவுத் தண்ணீரில் மீன் தலைகீழாக மேயும்போது கரும்புள்ளி வால் வெளியே ஆடும். தலைமேல் ஸ்பூன் விழுந்தால் மீன் பறந்துவிடும். அதற்கு அப்பால் எறிந்து, அதன் வழியைக் குறுக்கிட்டு இழுக்க வேண்டும். மீன் எங்கே இருக்கிறது என்று தெரியாத நாளிலும் ஸ்பூன்தான் பரந்த இடத்தைத் துழாவும். புல் சிக்காத ஒற்றை முள் வகையாகப் பாருங்கள். சுழல் வளையம் இல்லாமல் கட்டினால் நரம்பு முறுக்கேறி அன்றைய பொழுதே பாழ்.

மிதவைக்கு அடியில் இறால் கட்டி, மிதவையைச் சுண்டிச் சத்தம் எழுப்புவது இரண்டுக்கும் நடுவே. புதியவர்களுக்கு நல்லது, எனக்கு அலுப்பு.

இலையுதிர் காலத்தில் கரையோர அலைகளில் பெரிய மீன் தேடுகிறவர்களுக்கு ஸ்பூன் இரண்டாம்பட்சம். 94 பவுண்டு 2 அவுன்ஸ் உலக சாதனை மீன் 1984 நவம்பரில் வட கரோலினாவின் ஏவன் கடற்கரையில் சிக்கியது. அந்த அளவு மீனுக்கு ஈயக் குண்டோடு நண்டோ மடவைத் துண்டோ அடியில் கிடக்க வேண்டும். சதுப்பில் காலையில் ஸ்பூன்; காற்று எழுந்து தண்ணீர் கலங்கியதும் நண்டுப் பெட்டியைத் திறந்துவிடுவேன்.