வி-சிங்க்கா, கட்டற்ற ஃபிரேமா, உச்சவரம்பிட்ட ஜி-சிங்க்கா? 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் ஓர் ஒப்பீட்டு அலசல்

என் கணினியில் இருப்பது என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் என்ற கிராபிக்ஸ் கார்டு. 2019 அக்டோபரில் வெளிவந்த, 6 ஜிபி நினைவகம் கொண்ட நடுத்தரமான கார்டு அது. சென்ற ஆண்டு வரை அதை 60 ஹெர்ட்ஸ் மானிட்டரோடு, அதாவது நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும் திரையோடு வைத்திருந்தேன். பிறகு ஃப்ரீசிங்க் (கார்டின் வேகத்துக்கேற்ப மானிட்டர் தன் சுற்றை மாற்றிக்கொள்ளும் ஏஎம்டியின் முறை) வசதியுள்ள 24 அங்குல, 144 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு மாறினேன். மாலை வேளைகளில் நான் ஆடுவது பெரும்பாலும் வேலரண்ட், சில நாட்களில் கவுண்டர்-ஸ்டிரைக் 2. எதிரி சுவர் மறைவிலிருந்து எட்டிப் பார்க்கும் கணத்தில் யார் முதலில் சுடுகிறார் என்பதில்தான் இரண்டிலும் வெற்றி தோல்வி அடங்கியிருக்கிறது. ஆகவே கார்டையும் மானிட்டரையும் எப்படி இசைய வைப்பது என்பதற்கு மூன்று வழிகளையும் வாரக்கணக்கில் மாற்றி மாற்றி வைத்து ஆடிப் பார்த்தேன். கார்டு வரைந்து தரும் ஒவ்வொரு படத்தையும், அதாவது ஃபிரேமையும், மானிட்டரின் சுற்றோடு கட்டிப்போடும் வி-சிங்க்கை இயக்கி வைப்பது முதல் வழி. ஒத்திசைவு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கார்டு எத்தனை ஃபிரேம் தருகிறதோ அத்தனையையும் கட்டின்றி விடுவது இரண்டாவது. ஃப்ரீசிங்க் போன்ற என்விடியாவின் முறையான ஜி-சிங்க்கை இயக்கி, மானிட்டரின் வேகத்துக்குச் சற்றுக் கீழே ஃபிரேமுக்கு உச்சவரம்பு வைப்பது மூன்றாவது. நான் மூன்றாவதில் நிலைத்துவிட்டேன். இந்த அலசலும் அதன் பக்கமே சாய்ந்திருக்கும்.

ஒப்பிடத் தொடங்குமுன் அடிப்படை சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை வாங்கி, விண்டோஸ் அதை 60இலேயே வைத்திருப்பதை அறியாமல் மாதக்கணக்கில் ஆடுபவர்கள் இருக்கிறார்கள். எனக்கு மானிட்டரை விற்ற கடையில் கொடுத்தது எச்டிஎம்ஐ கேபிள் மட்டுமே. அதைச் செருகியபோது 120 ஹெர்ட்ஸுக்கு மேல் தேர்வுப் பட்டியலில் வரவில்லை. மானிட்டரில் இருந்தது பழைய 1.4 வகை எச்டிஎம்ஐ. டிஸ்ப்ளேபோர்ட் கேபிளைத் தனியாக வாங்கிப் போட்ட பிறகுதான் 144 வந்தது. மானிட்டரின் சொந்த மெனுவில் ஃப்ரீசிங்க்கை இயக்காவிட்டால் என்விடியா கண்ட்ரோல் பேனலில் ஜி-சிங்க் தேர்வு தோன்றாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஃப்ரீசிங்க் மானிட்டரில் என்விடியா கார்டு இவ்வாறு இயங்குவது 2019 ஜனவரியில் வந்த டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) முதல்தான். அதுவும் ஜிடிஎக்ஸ் 10 வரிசை முதற்கொண்டே.

இன்னொன்று: இந்த செட்டிங்ஸ் எதுவும் பிங்கை, அதாவது சர்வருக்குச் செய்தி போய்த் திரும்பும் நேரத்தை, குறைக்காது. மும்பை சர்வருக்கு என் வீட்டிலிருந்து 35 முதல் 45 மில்லி நொடி ஆகிறது. கார்டில் எதை மாற்றினாலும் அது அப்படியேதான் இருக்கும். நம் கையில் இருப்பது, மவுஸ் அசைந்த நொடியிலிருந்து அந்த அசைவு திரையில் தெரியும் வரையிலான தாமதம் மட்டுமே. ஆனால் அது சிறிய தொகையன்று. வேலரண்ட் சர்வர் நொடிக்கு 128 முறை ஆட்டத்தின் நிலையைப் புதுப்பிக்கிறது; அதாவது 7.8 மில்லி நொடிக்கு ஒரு முறை. கணினிக்குள்ளேயே 20 மில்லி நொடி வீணாகிறதென்றால், சர்வர் இரண்டு முறைக்கு மேல் கணக்குப் பார்த்து முடித்த பிறகுதான் நம் கை அசைவு திரையில் தெரிகிறது என்று பொருள்.

வி-சிங்க்கைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. மானிட்டர் அடுத்த சுற்றுக்குத் தயாராகும் வரை முடிந்த ஃபிரேமைக் காக்க வைப்பதுதான் அதன் வேலை. படம் குறுக்கே கிழிந்தது போலத் தெரியும் குறை அதனால் முற்றிலும் நீங்குகிறது. கதை சார்ந்த தனிநபர் விளையாட்டுகளுக்கு இது போதும். ஆனால் 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் ஒரு சுற்று என்பதே 16.7 மில்லி நொடி. காத்திருக்கும் ஃபிரேம் இரண்டு மூன்றாகச் சேர்ந்துவிட்டால் மவுஸ் பஞ்சு மூட்டையை இழுப்பது போல ஆகிவிடும். கார்டின் வேகம் மானிட்டரின் வேகத்துக்குக் கீழே சற்று இறங்கினாலும் ஃபிரேம் 60இலிருந்து 30க்கு விழும் தொல்லையும் சேர்ந்துகொள்கிறது. 144 ஹெர்ட்ஸில் இந்தத் துன்பம் குறைவு. ஆயினும் போட்டி ஆட்டத்துக்குத் தனித்த வி-சிங்க்கை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாவது வழிக்கு உண்மையான வலிமை உண்டு. தொழில்முறை ஆட்டக்காரர்கள் பலர் ஒத்திசைவை அணைத்தே ஆடுகிறார்கள். மானிட்டர் ஒரு படத்தை மேலிருந்து கீழாக வரைந்துகொண்டிருக்கும்போதே புதிய ஃபிரேம் வந்துவிட்டால், மீதிப் பகுதி அந்தப் புதிய ஃபிரேமிலிருந்து வரையப்படுகிறது. கிழிசல் என்று நாம் குறை சொல்லும் அந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பது மேலே இருப்பதைவிடப் புதிய செய்தி. ஃபிரேம் எண்ணிக்கை மானிட்டரின் வேகத்தைப் போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஓடும் கணினியில் இந்த ஆதாயம் கிடைக்கத்தான் செய்கிறது. ஆனால் இதில் ஒரு நிபந்தனை மறைந்திருக்கிறது: அத்தனை ஃபிரேமையும் தந்த பிறகும் கார்டுக்கு மூச்சுவிட இடம் இருக்க வேண்டும். என் போன்றோரின் நடுத்தர கார்டில் அந்த இடம் இருப்பதில்லை. என் முடிவைத் தீர்மானித்தது இந்த ஒரு விஷயம்தான். ஆகவே இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஒவ்வொரு ஃபிரேமும் இரண்டு கைகளில் உருவாகிறது. பிராசசர் மவுஸையும் விசைப்பலகையையும் படித்து, யார் எங்கே நிற்கிறார் என்று கணக்கிட்டு, 'இதை வரை' என்ற கட்டளைத் தொகுப்பை வரிசையில் வைக்கிறது; கிராபிக்ஸ் கார்டு அந்த வரிசையிலிருந்து எடுத்து வரைகிறது. கூட்டம் மிகுந்த சிற்றுண்டிக் கடையை எண்ணிக்கொள்ளுங்கள். தோசைக்கல் ஒன்றே; பரிமாறுபவரோ கல் காலியாகிறதா என்று பாராமல் ஆர்டர்களைக் கொண்டுவந்து அடுக்கிக்கொண்டே இருக்கிறார். மாஸ்டர் இடைவிடாமல் வார்க்கிறார், கல் ஒரு நொடியும் சும்மா இல்லை, மணிக்கு இத்தனை தோசை என்ற கணக்கும் உச்சத்தில் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு மேசைக்கும் வரும் தோசை, வெகு நேரத்துக்கு முன் சொன்ன ஆர்டருக்கு உரியது. கார்டின் பயன்பாடு 99 விழுக்காட்டைத் தொடும்போது நடப்பது இதுவே. திரையின் மூலையில் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்ற எண்) அதிகமாகத் தெரியும். கண்ணுக்கு வருவது மட்டும் பழைய படம்.

எண்ணிக்கையில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். முழுப் பளுவில் ஒரு கார்டு நொடிக்கு 160 ஃபிரேம் தருகிறது என்றால், ஒன்றை வரைய 6.25 மில்லி நொடி. பல விண்டோஸ் விளையாட்டுகள் படம் வரையப் பயன்படுத்தும் டைரக்ட்எக்ஸ் 11இல் வரிசையில் இயல்பாகவே மூன்று ஃபிரேம் வரை நிற்கலாம். மூன்றும் நின்றால் ஏறத்தாழ 19 மில்லி நொடி காத்திருப்பு. அதன் பிறகுதான் வரையும் 6.25. இப்போது அதே கார்டை 138 ஃபிரேமில் நிறுத்துங்கள். ஃபிரேம்களுக்கு இடையிலான இடைவெளி 7.25 மில்லி நொடியாகச் சிறிது கூடுகிறது. ஆனால் வரைய ஆவது அதே 6.25தான் என்பதால், ஒவ்வொரு ஃபிரேமுக்குப் பின்னும் கார்டு ஒரு மில்லி நொடி சும்மா இருந்து அடுத்ததற்குக் காத்திருக்கிறது. வரிசையே சேர்வதில்லை. 22 ஃபிரேமை இழந்து, மூன்று ஃபிரேம் அளவுத் தாமதத்தைக் கழித்துக்கொள்கிறோம். எல்லா விளையாட்டுகளும் மூன்று வரை வரிசையை வளர விடுவதில்லை. ஒன்றோடு நிறுத்துபவையும் உண்டு. அங்கே ஆதாயம் சுருங்கும், ஆனால் திசை மாறாது.

கவுண்டர்-ஸ்டிரைக் 2இல் இதை நான் நேரில் உணர்ந்தேன். வெற்று வெளியில் 200ஐத் தொடும் ஃபிரேம், புகைக் குண்டுகள் இரண்டு மூன்று விழுந்த இடத்தில் 140க்கு இறங்கும்; கார்டு முழுப் பளுவுக்கு ஏறுவதும் அப்போதுதான். சண்டை மூளும் இடமும் அதுவே. ஆகக் கட்டின்றி விட்டிருந்தபோது, ஓடும் நேரத்தில் இலேசாக இருந்த மவுஸ் சுடும் நேரத்தில் கனத்தது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு தாமதத்துக்குக் கை பழக முடியாது. உச்சவரம்பு வைத்த பிறகு கிடைத்த பெரிய மாற்றம் சராசரி குறைந்தது என்பதைவிட, இந்த ஏற்ற இறக்கம் அடங்கியது என்பதே.

ரிஃப்ளெக்ஸ் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. 2020 செப்டம்பரில் என்விடியா அறிமுகப்படுத்திய ரிஃப்ளெக்ஸ், விளையாட்டின் உள்ளேயே அமர்ந்து, கார்டு தயாராகும் தருணத்தில் மட்டும் பிராசசரைக் கட்டளை தர வைக்கிறது. மேலே சொன்ன கடையில், கல் காலியாகும் நேரம் பார்த்து ஆர்டர் எடுக்கும் பரிமாறுபவர் அது. வேலரண்டிலும் கவுண்டர்-ஸ்டிரைக் 2இலும் அந்த வசதி உண்டு. ஜிடிஎக்ஸ் 900 வரிசையிலிருந்தே வேலை செய்யும். அதை இயக்கினால் உச்சவரம்பு இன்றியே வரிசை கரைந்துவிடுகிறது. ஆகவே அந்த விளையாட்டுகளில் இரண்டாவது வழிக்கும் மூன்றாவதற்கும் உள்ள இடைவெளி மிகவும் குறைந்துவிடுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அப்போதும் கிழிசல் இல்லாத படம், சீரான இடைவெளி, குறைந்த வெப்பம் ஆகியவை மூன்றாவதன் பக்கம் இருக்கின்றன. ரிஃப்ளெக்ஸ் இல்லாத பழைய விளையாட்டுகளுக்குக் கண்ட்ரோல் பேனலில் லோ லேட்டன்சி மோடை அல்ட்ராவில் வைக்கலாம். 2019இல் வந்த அந்த வசதி டைரக்ட்எக்ஸ் 9, 11 விளையாட்டுகளை எண்ணிச் செய்யப்பட்டது.

நான் வைத்திருக்கும் அமைப்பு இது. கண்ட்ரோல் பேனலில் ஜி-சிங்க் இயக்கம்; அதே பேனலில் வி-சிங்க்கும் இயக்கம்; விளையாட்டுக்குள் வி-சிங்க் அணைப்பு; விளையாட்டுக்குள் ரிஃப்ளெக்ஸ் இயக்கம். முன்பு வி-சிங்க்கை வேண்டாம் என்றவன் இங்கே ஏன் இயக்குகிறேன் என்று தோன்றும். ஜி-சிங்க் இயங்கும்போது மானிட்டரே கார்டின் வேகத்துக்கு ஏற்பத் தன் சுற்றை மாற்றிக்கொள்கிறது. ஃபிரேம் உச்சத்தைத் தொடாத வரை வி-சிங்க் யாரையும் காக்க வைப்பதில்லை. தப்பித்தவறி ஓரிரு ஃபிரேம் விரைந்து வந்து திரையின் அடிப்பகுதியில் கிழிசல் தோன்றுவதைத் தடுப்பது மட்டுமே அங்கே அதன் பணி. ஜி-சிங்க், வி-சிங்க், ரிஃப்ளெக்ஸ் மூன்றும் சேர்ந்திருந்தால் 144 ஹெர்ட்ஸில் ரிஃப்ளெக்ஸ் தானாகவே 138இல் நிறுத்திக்கொள்கிறது. ரிஃப்ளெக்ஸ் இல்லாத இடத்தில் நானே 138 என்று வைக்கிறேன். மூன்று குறைத்து 141 வைத்தாலும் போதும் என்பது பரவலான வழக்கம். விளையாட்டுக்குள்ளேயே ஃபிரேம் வரம்பு இருந்தால் அதைப் பயன்படுத்துவது நல்லது. வெளியிலிருந்து வைக்கும் வரம்பைவிட அதில் தாமதம் குறைவு. அது இல்லாவிட்டால் மேக்ஸ் ஃபிரேம் ரேட் என்ற தேர்வு 2020 ஜனவரி முதல் கண்ட்ரோல் பேனலிலேயே இருக்கிறது.

வெப்பத்தையும் சொல்ல வேண்டும். ஏசி இல்லாத என் அறையில், சித்திரை மாதத்து மாலையில் கட்டின்றி ஓடிய கார்டு 78 டிகிரியைத் தொட்டது. 138இல் நிறுத்திய பிறகு 68ஐ ஒட்டியே நின்றது, மின்விசிறியின் இரைச்சலும் தணிந்தது. எதிரியின் காலடி ஓசையைக் கேட்டு ஆடும் விளையாட்டில் அதுவும் ஓர் ஆதாயம்தான். மூன்றாவது வழியின் குறை ஒன்றும் உண்டு: ஃபிரேம் எண்ணிக்கை சட்டென்று ஏறி இறங்கும் மெனுத் திரையிலும் லோடிங் திரையிலும் என் மானிட்டரின் வெளிச்சம் இலேசாகத் துடிக்கிறது. ஆட்டத்தின் நடுவே அதைக் கண்டதில்லை.

ஏஎம்டி கார்டு வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது, நண்பரின் ஆர்எக்ஸ் 6600இல் ஒரு மாத காலம் ஆடியதை வைத்துத்தான். ஃப்ரீசிங்க்கும் உச்சவரம்பும் சேர்ந்த அமைப்பு அங்கேயும் இதே சுகத்தைத் தந்தது. ஆனால் ஒரு நிகழ்வை நினைவில் வைக்க வேண்டும். 2023இல் வந்த, தாமதம் குறைப்பதற்கான ஆன்டி-லேக் பிளஸ் என்ற ஏஎம்டியின் வசதி, டிரைவர் வழியே விளையாட்டின் நிரல் கோப்புகளில் கைவைத்ததால், கவுண்டர்-ஸ்டிரைக் 2 அதை ஏமாற்று மென்பொருளாகக் கருதிப் பயனர்களைத் தடை செய்தது. அக்டோபரில் ஏஎம்டி அந்த டிரைவரையே திரும்பப் பெற்றது. அடுத்த ஆண்டு வந்த ஆன்டி-லேக் 2, விளையாட்டை உருவாக்குபவர்களே இணைத்துக்கொள்ளும் முறைக்கு மாறியது. இணைய விளையாட்டில், தாமதம் குறைக்கும் வசதி விளையாட்டின் செட்டிங்ஸுக்குள் இருந்தால் அதை நம்பி இயக்கலாம். வெளியிலிருந்து நுழைவதானால் ஏமாற்றுத் தடுப்பு அதை எப்படிப் பார்க்கும் என்று விசாரித்துவிட்டு இயக்குவதே பாதுகாப்பு.

மற்ற தேர்வுகளை வேகமாகக் கடந்துவிடலாம். பவர் மேனேஜ்மென்டை அதிகபட்சச் செயல்திறனில் வைப்பது, ஆட்டம் கார்டைச் சரியாகத் தட்டியெழுப்பாத நேரங்களில் மட்டும் பயன்படும். டெக்ஸ்சர் ஃபில்டரிங்கைக் குறைப்பதால் இன்றைய கார்டுகளில் கிடைப்பது சொற்பம். நிறங்களின் அடர்த்தியைக் கூட்டும் டிஜிட்டல் வைப்ரன்ஸை 50இலிருந்து 65க்கு ஏற்றியிருக்கிறேன். வேகத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை, எதிரியின் உருவம் பின்னணியிலிருந்து எனக்குச் சற்றுப் பிரிந்து தெரிகிறது.

240 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட மானிட்டரில் நான் தொடர்ந்து ஆடியதில்லை. அங்கே ஒரு சுற்றே 4.2 மில்லி நொடிக்கும் குறைவு. கிழிசலும் கண்ணுக்கு எட்டாத வேகத்தில் மறையும். அதற்கு ஈடுகொடுக்கும் கார்டும் பிராசசரும் இருந்தால் இரண்டாவது வழியே அவர்களுக்கு உகந்ததாக இருக்கக்கூடும்.

ஜி-சிங்க்குக்கு வாய்ப்பே இல்லாத கணினிக்கும் ஒரு வழி உண்டு. என் தம்பியின் லேப்டாப்பில் இருப்பது ஜிடிஎக்ஸ் 1650, 60 ஹெர்ட்ஸ் திரை. அவனுக்கு வி-சிங்க்கை அணைத்து, ரிஃப்ளெக்ஸை இயக்கி, வேலரண்டில் 120 ஃபிரேமில் வரம்பு வைத்துக் கொடுத்தேன். திரை 60ஐத்தான் காட்டும் என்றாலும், அது காட்டும் ஒவ்வொரு படமும் 60இல் பூட்டியிருந்தபோது காட்டியதைவிடப் புதியது. பக்கவாட்டில் வேகமாகத் திரும்பும்போது கிழிசல் தெரிகிறது என்றான்; மீண்டும் வி-சிங்க்கை இயக்கிக் காட்டினேன். இரண்டு ஆட்டம் ஆடிவிட்டு, அவனே அதை அணைத்துவிட்டான்.