கிளப் பிறந்த வருஷம்: பெரியவர் சொல்வதா, பேப்பர் சொல்வதா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எந்தப் பழைய இந்தியக் கால்பந்து கிளப்பை எடுத்தாலும் அது பிறந்ததற்குக் குறைந்தது இரண்டு கதையாவது இருக்கும். தாத்தாவோ பெரியப்பாவோ ஆடிய கிளப்பின் வரலாற்றை எழுத ஆசைப்படும் பேரப்பிள்ளைகள் முதலில் முட்டி நிற்பது இங்கேதான். பழைய பத்திரிகைகள், ஆவணக் காப்பகம், பெரியவர்களின் ஞாபகம், வீட்டில் கிடக்கும் படங்களும் ஆண்டுவிழா மலர்களும் என்று நான்கு வழி இருக்கிறது. எதில் இறங்குவது, எதை நம்புவது? என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருஷத்துக்குப் பத்திரிகை, ஆட்களுக்குப் பெரியவர்கள். ஆனால் தொடங்க வேண்டியது பெரியவர்களிடம்.

பெரும்பாலோர் நேராக ஓடுவது ‘இந்தியன் ஒப்பீனியன்’ பத்திரிகைக்கு. 1903 ஜூனில் டர்பனில் தொடங்கி, அடுத்த ஆண்டே ஊருக்கு வெளியே காந்தி அமைத்த ஃபீனிக்ஸ் குடியிருப்புக்குப் போன பத்திரிகை. காந்தியின் பெயர் இருக்கிறது, இணையத்திலும் கிடைக்கிறது, அதனால் கூட்டம் அங்கே. ஒரு சின்ன கிளப்பைத் தேடுகிறவருக்கு அது முதல் இடம் இல்லை என்பேன். ஒப்பந்தம் முடிந்த இந்தியத் தொழிலாளர்கள் மேல் போட்ட மூன்று பவுண்டு வரி, இந்தியர்கள் பெயரைப் பதிய வேண்டும் என்ற சட்டம், சத்தியாகிரகம் என்று அதன் கவலைகளே வேறு. விளையாட்டு எப்போதாவது ஓரத்தில் தலைகாட்டும். நான்கு மொழிகளில் வந்த அந்த இதழின் தமிழ்ப் பகுதியும் சில ஆண்டுகளிலேயே நின்றுபோனது. 1908-இல் பி. எஸ். ஐயர் டர்பனில் தொடங்கிய ‘ஆப்பிரிக்கன் கிரானிக்கிள்’ தமிழிலும் ஆங்கிலத்திலும் வந்தது. தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் அதை விட்டுவிடக் கூடாது. நம் வீட்டுப் பிள்ளைகளில் இன்று தமிழ் வாசிப்பவர்கள் குறைவு என்பதால், அந்தப் பக்கங்களைப் புரட்டும் கைகளும் குறைவு. 1940-இல் தொடங்கிய ‘லீடர்’ வார இதழில் தேடுவது எளிது. ஆனால் அதற்குள் பல கிளப்புகளுக்கு வயது ஏறிவிட்டது. மானிங் ரேஞ்சர்ஸையே பாருங்கள். 1928-இல் பிறந்த கிளப் அது. 1996-97 பருவத்தில் பிரீமியர் சாக்கர் லீக்கின் முதல் சாம்பியன் ஆனதைப் பற்றிச் செய்திக்குப் பஞ்சம் இல்லை. 1928-க்கு அப்படிச் சொல்ல முடியுமா?

பத்திரிகைக்கு இன்னொரு குறை உண்டு. சங்கத்தில் சேர்ந்து லீக்கில் இறங்கிய பிறகுதான் ஒரு கிளப் அதன் கண்ணில் படும். அதற்கு முன், தொழிலாளர் குடியிருப்பான பாரக்ஸுக்குப் பின்னால் வெறும் மைதானத்தில் சட்டை நிறம்கூட ஒத்துப்போகாமல் ஆடிய வருஷங்களை யார் எழுதினார்கள்? ஆகவே பத்திரிகை தருவது, ‘இதற்குப் பிந்திப் பிறக்கவில்லை’ என்ற ஓர் எல்லைக்கோடு மட்டும். அதுவே பெரிய விஷயம். சாம் சைனா கோப்பைச் செய்திகளையும் சேர்த்துப் பாருங்கள். 1903-இல் கிம்பர்லியில் தென்னாப்பிரிக்க இந்தியக் கால்பந்துச் சங்கம் உருவானபோது பிறந்த மாகாணப் போட்டி அது. உங்கள் ஊர்க்காரர் ஒருவர் டர்பன் இருக்கும் மாகாணமான நேட்டாலின் அணிக்கு ஆடியிருந்தால், கிளப்பைத் தேடிக் கிடைக்காதது அவர் பெயரைத் தேடும்போது கிடைக்கலாம்.

ஆவணக் காப்பகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மைதானம் கேட்டு நகரசபைக்குப் போன கடிதங்கள்தான் அங்கே தேட வேண்டிய சரக்கு. அப்படி ஒரு கடிதம் கிடைத்தால் தேதியும் செயலாளர் கையெழுத்தும் முகவரியும் ஒரே தாளில் வந்துவிடும். இருபது வருஷம் கடந்த அரசு ஆவணங்கள் பொதுவாக யாருக்கும் திறந்தவை. ஆனால் இணையத்தில் தெரிவது கோப்பின் தலைப்புதான், உள்ளே இருப்பது தெரியாது. நேரில் போய்க் கோப்பைக் கேட்டு வாங்கிப் புரட்ட வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்தவர்களைக் கப்பல்வாரியாகப் பதிந்த காலத்திலிருந்து நம் பெயர்களை எழுத்தர்கள் இஷ்டத்துக்கு எழுதியிருப்பதால், ஒரே ஆளை மூன்று நான்கு எழுத்துக்கூட்டலில் தேடிப் பார்க்க வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் இந்த வழியைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

இப்போது பெரியவர்கள். வருஷம் கேட்டால் இவர்களைப் போல மோசமான சாட்சி இல்லை; ஆட்களையும் இடத்தையும் கேட்டால் இவர்களைப் போல நல்ல சாட்சி இல்லை. “அங்கிள், கிளப் எந்த வருஷம் ஆரம்பிச்சது?” என்று கேட்டால் மலரில் படித்த வருஷத்தைத்தான் திருப்பிச் சொல்வார். “49 கலவரத்துக்கு முன்னாலயா, பின்னாலயா? அப்போ வீடு கேட்டோ மேனரிலயா?” என்று கேளுங்கள், கதை தானாக வரும். இந்த ஊருக்கென்று அப்படிச் சில மைல்கற்கள் உண்டு. 1917 அக்டோபரில் உம்கேனி ஆறு பெருக்கெடுத்து ஆற்றங்கரைத் தோட்டக்காரக் குடும்பங்களை அடித்துப் போனது, 1929-இல் சாஸ்திரி கல்லூரி திறந்தது, 1947-இல் பிரிட்டிஷ் அரச குடும்பம் கரீஸ் ஃபவுண்டன் மைதானத்துக்கு வந்தது, இந்தியர்களைத் தாக்கிய 1949 ஜனவரிக் கலவரம், அதன்பின் இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டம். தாத்தாவின் தாத்தா சொன்னதாகக்கூட ‘வெள்ளத்துக்கு முன்னால்’ என்று ஒரு வார்த்தை வந்தால் அதைப் பத்திரமாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. அன்றைய கிளப்புகள் பல ஒரு தெருவை, ஒரு பாரக்ஸை, ஒரு கோயில் சுற்றுவட்டத்தை நம்பி நின்றவை. நகரசபைத் தொழிலாளர்கள் வாழ்ந்த மேகசின் பாரக்ஸை இடித்து 1960-களில் ஜனங்களை இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வர்த்துக்குத் தள்ளினார்கள். பாத்திரம் பண்டத்தோடு எத்தனை கிளப்பின் கூட்டக் குறிப்பு எழுதும் மினிட் புத்தகம் லாரியில் ஏறியிருக்கும்? எந்தத் தெரு, யார் காப்டன், யார் வீட்டில் கூட்டம் என்பது இனி மனிதர்களிடம்தான். காகிதம் இன்னும் பத்து வருஷம் காத்திருக்கும், எண்பத்தெட்டு வயதுக்காரர் காத்திருப்பாரா?

ஒரு எச்சரிக்கை மட்டும். ‘எங்க கிளப்பை காந்திதான் ஆரம்பிச்சு வெச்சார்’ என்ற கதை எந்தப் பக்கம் போனாலும் காதில் விழும். ஜோகன்னஸ்பர்க்கில் ‘பாசிவ் ரெசிஸ்டர்ஸ்’ என்ற பெயரில் சத்தியாகிரகிகளின் அணி ஆடியது உண்மை. ஆனால் காந்தி 1914 ஜூலையில் கப்பலேறிவிட்டார். 1920-களில் பிறந்த கிளப்புக்கு அவரை இழுப்பவரிடம் சண்டை போட வேண்டாம், சிரித்துக்கொண்டே அடுத்த கேள்விக்குப் போங்கள்.

படங்களும் மலர்களும் நம்பகத்தில் ஏறத்தாழ நேர் எதிர். பொன்விழா மலர் வெள்ளிவிழா மலரைப் பார்த்து எழுதும், வைரவிழா மலர் பொன்விழாவைப் பார்த்து எழுதும். முதல் தப்பு மூன்று முறை அச்சேறினால் வரலாறு ஆகிவிடும். மூன்று மலர் ஒரே வருஷம் சொல்கிறது என்றால் அது மூன்று சாட்சி அல்ல, ஒரே சாட்சி. அணிப் படம் அப்படியில்லை. நடுவில் உட்கார்ந்திருப்பவர் காலடியில் இருக்கும் பந்தில் வெள்ளையாக வருஷம் எழுதியிருந்தால் அது அந்தப் பருவத்தின் சொந்த வாக்குமூலம். படத்தின் பின்னால் பேனாவில் எழுதியதை அவ்வளவு நம்ப வேண்டாம், அது எப்போது எழுதியதோ. கோட்டு போட்டு ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர்களைக் கண்டிப்பாக விசாரியுங்கள். பெரும்பாலும் அவர்கள்தான் நிர்வாகிகள், காப்பகத்தில் தேட வேண்டிய பெயர்களும் அவையே.

பெரியவர் 1915 என்கிறார், பத்திரிகையில் முதல் ஆட்டம் 1924 என்று வைத்துக்கொள்வோம். நடுவில் ஒரு வருஷத்தைத் தேர்ந்தெடுத்துச் சமாதானம் பண்ண வேண்டாம். ‘லீக்கில் 1924, அதற்கு முன்பே ஆடியதாகக் குடும்பத்தார் சொல்கிறார்கள்’ என்று இரண்டையும் எழுதுங்கள், யார் சொன்னது என்பதோடு. விழாக் கமிட்டிக்கு ஒரே வருஷம் தேவைப்பட்டால் 1924-ஐக் கொடுங்கள்.