கட்டைவிரல் மூட்டுத் தேய்மானம்: ஸ்பிளிண்டா, பிடிமுறை மாற்றமா, பயிற்சியா?

மாத்திரையும் அறுவை சிகிச்சையும் வேண்டாம் என்று நினைக்கும் கை மூட்டுத் தேய்மான நோயாளிகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் வழிகள் நான்கு: கட்டைவிரல் ஸ்பிளிண்ட் (மூட்டு அசையாமல் தாங்கிப் பிடிக்கும் பட்டை), பொருள்களைப் பிடிக்கும் முறையை மாற்றுதல், விரல் பயிற்சி, சூட்டு ஒத்தடம். என் கணிப்பில் பிடிமுறை மாற்றத்துக்கே முதலிடம். கட்டைவிரலின் அடிமூட்டில், அதாவது மணிக்கட்டை ஒட்டிய மூட்டில், வலி இருந்தால் மட்டும் ஸ்பிளிண்டை அதனுடன் சேர்க்கலாம்.

அடிமூட்டு வலிக்கு ஸ்பிளிண்ட் அணியுமாறு அமெரிக்க வாதநோய் மருத்துவர்களின் 2019 வழிகாட்டுதல் உறுதியாகப் பரிந்துரைக்கிறது. ஆய்வுகளோ ஒரே குரலில் பேசவில்லை. பிரான்சில் 112 பேரிடம் நடந்து 2009இல் வெளியான ஆய்வில், இரவில் மட்டும் ஸ்பிளிண்ட் அணிந்தவர்களுக்கு ஒரு மாதத்தில் வேறுபாடு எதுவும் தெரியவில்லை; பன்னிரண்டாம் மாதத்தில் வலி குறைந்து, கைவேலையும் எளிதாகியிருந்தது. பிரிட்டனில் 349 பேரிடம் நடந்த பிந்தைய ஆய்வு, உண்மையான ஸ்பிளிண்டையும் போலி ஸ்பிளிண்டையும் ஒப்பிட்டு, எட்டு வாரத்தில் கூடுதல் பலன் இல்லை என்றது. இரண்டாவது ஆய்வு குறுகிய காலத்தையே அளந்தது. முதலாவதில் போலி ஸ்பிளிண்ட் இல்லாததால், நம்பிக்கையால் வந்த நிவாரணம் எவ்வளவு என்று பிரித்தறிய முடியாது. ஆகவே ஓராண்டு பொறுமையாக அணியக்கூடியவருக்கே இதைச் சொல்வேன். மூன்று வாரத்தில் பலன் எதிர்பார்ப்பவர் அதை அலமாரியில்தான் போடுவார்.

பிடிமுறை மாற்றத்தின் அடிப்படை எளிய இயந்திரவியல். விரல்நுனிகளால் ஒரு கிலோ விசையில் கிள்ளிப் பிடித்தால், கட்டைவிரல் அடிமூட்டில் ஏறத்தாழ 12 கிலோ அழுத்தம் விழுவதாக 1977இலேயே கணக்கிட்டார்கள். எனவே பாட்டில் மூடியை விரல்நுனியால் திருகாமல், உள்ளங்கையை அதன்மேல் அழுத்தி, முழங்கையோடு சேர்த்துத் திருப்ப வேண்டும். ஈரத்துணியைக் குழாயில் சுற்றி முறுக்கிப் பிழியலாம். கத்தி, சாவி, பேனா ஆகியவற்றின் பிடியைத் தடிப்பாக்கலாம். விரல்நுனி மூட்டுகளில் முடிச்சு விழுந்தவர்களுக்கும் இது பொருந்தும் என்பது ஸ்பிளிண்டுக்கு இல்லாத மேன்மை. பிரிட்டனில் 50 வயதைக் கடந்த 257 பேரிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், இதைக் கற்றவர்களில் 33 விழுக்காட்டினர் ஆறு மாதத்தில் முன்னேற்றம் கண்டார்கள். கற்காதவர்களில் 21 விழுக்காட்டினரே கண்டார்கள். பெரிய இடைவெளி அல்லதான், ஆனால் செலவும் பக்கவிளைவும் ஏறக்குறைய இல்லை.

அதே ஆய்வில் விரல் பயிற்சி தனிப் பலன் எதையும் காட்டவில்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2017 மதிப்பாய்வு, வலியிலும் விறைப்பிலும் சிறிய முன்னேற்றம் உண்டு, ஆனால் அது நீடிப்பதாகத் தெரியவில்லை என்றது. காலை விறைப்பைத் தளர்த்த மென்மையாக விரல்களை மடக்கி நீட்டலாம். ஆனால் அடிமூட்டு வலி உள்ளவர் ரப்பர் பந்தை இறுக்கிப் பிசைவது, தவிர்க்கச் சொன்ன அழுத்தத்தையே மீண்டும் வரவழைப்பதாகும்.

உருக்கிய மெழுகிலோ வெந்நீரிலோ கையை வைப்பது சற்று நேரத்துக்கு இதமளிக்கும், அவ்வளவே. நீரிழிவால் விரல்கள் மரத்துப்போனவர்களுக்குச் சூடு உறைக்காமலேயே கொப்புளம் வந்துவிடலாம். காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்குமேல் நீடித்து, பல மூட்டுகள் மெத்தென்று வீங்கினால் அது முடக்குவாதமாகவும் இருக்கக்கூடும் என்பதால், இந்த நான்கில் எதையும் தொடங்குமுன் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.