கத்தரிக்கோலை ஓரங்கட்டிய ரோட்டரி கட்டர்

குயில்ட், அதாவது துணித் துண்டுகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வை, தைப்பதில் பாதி வேலை தையலே கிடையாது, துணி வெட்டுவதுதான். இதை ஏனோ யாரும் முன்னாடியே சொல்வதில்லை. சதுரம் சதுரமாகச் சேர்த்துத் தைத்த போர்வையின் படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு மெஷின் முன்னால் வந்து உட்கார்ந்தால், முதலில் இருநூறு சதுரம் வெட்டியாக வேண்டும் என்பது அப்போதுதான் உறைக்கும். அட்டையில் அளவு வெட்டி, அதைத் துணிமேல் வைத்து, பென்சிலால் சுற்றிக் கோடு போட்டு, கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக. கட்டைவிரல் காய்த்துப்போகும். எனக்கு வெறுத்தே போனது. தைக்கிற ஆசை மட்டும் போகவில்லை.

அதனால் வாங்கியதுதான் இந்த செட். 45 மில்லிமீட்டர் பிளேடு போட்ட ரோட்டரி கட்டர், துணிக்கு அடியில் போட்டு வெட்ட ஏ3 அளவில் ஒரு மேட், 6க்கு 12 அங்குலத்தில் ஒரு அக்ரிலிக் ஸ்கேல். இதே மூன்றும் பல பெயர்களில் விற்பனைக்கு இருக்கின்றன. அதனால் பிராண்டைப் பற்றிப் பேசாமல் பொருளைப் பற்றியே பேசுகிறேன்.

முதலில் கட்டர். கைப்பிடி முனையில் சுழலும் வட்டக் கத்தி, அவ்வளவுதான். ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் 1979இல் இதை அறிமுகப்படுத்தியது. அதற்கு முன்னால் தைத்தவர்கள் எல்லோரும் அட்டையும் பென்சிலுமாகத்தான் இருந்திருக்கிறார்கள் என்று நினைத்தால் அவர்கள் பொறுமைக்கு ஒரு கும்பிடு போடத் தோன்றுகிறது. நல்ல பிளேடாக இருந்தால், நாலாக மடித்த பருத்தித் துணி ஒரே இழுப்பில் வெட்டுப்படும். கத்தரிக்கோல் ஒவ்வொரு கடிக்கும் துணியை மேஜையிலிருந்து கொஞ்சம் தூக்கிவிடும், அடித்துணி அங்கேயே நகர்ந்துவிடும். இதில் துணி அசையாமல் கிடக்கிறது, கத்திதான் ஓடுகிறது. வித்தியாசம் முழுக்க அதில்தான்.

இந்தத் துல்லியம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. குயில்டில் தையலுக்கு ஒவ்வொரு ஓரத்திலும் விடுவது கால் அங்குலம். தைத்தபின் 2 அங்குலச் சதுரம் வேண்டுமென்றால் இரண்டரை அங்குலத்துக்கு வெட்ட வேண்டும். ஒவ்வொரு சதுரமும் ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடிப்போனால் கண்ணுக்கே தெரியாது. பன்னிரண்டு சதுரம் உள்ள வரிசையில் அது முக்கால் அங்குலமாகி நிற்கும். பக்கத்து வரிசையோடு சேர்க்கும்போது இழுத்துப் பிடித்துத் தைக்க வேண்டிவரும், போர்வை அலை அலையாக வரும். அப்புறம் இஸ்திரிப் பெட்டியைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை.

எனக்கு இந்தப் பொழுதுபோக்கே புதிதாகப் பிடித்துப்போனது பட்டை வெட்டித் தைக்கும் முறையில். ரோட்டரி கட்டர் இருந்தால்தான் இதில் சுகம். இரண்டரை அங்குல அகலத்தில் ஒரு அடர்நிறப் பட்டை, ஒரு வெளிர்நிறப் பட்டை. இரண்டையும் நீளவாக்கில் ஒரே தையலில் சேர்க்க வேண்டும். தையல் ஓரத்தை அடர்நிறப் பக்கமாகத் தள்ளி இஸ்திரி போட வேண்டும். பிறகு அந்தப் பட்டையைக் குறுக்கே, இரண்டரை அங்குலத்துக்கு ஒரு வெட்டு. துணி 42 அங்குல நீளம் இருந்தால் 16 துண்டு, அதாவது 32 சதுரம், இரண்டிரண்டாகச் சேர்ந்தே கைக்கு வரும். இதில் இரண்டு துண்டை நிறம் மாற்றித் தலைகீழாக ஒன்றின்மேல் ஒன்று வைத்தால், உள்ளே மடிந்திருக்கும் தையல் ஓரங்கள் எதிரெதிர்ப் பக்கம் பார்த்து நிற்கும். விரலால் மெல்லத் தள்ளிப்பார்த்தால் ‘டக்’கென்று ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். அந்த இடம் விரலுக்கே தெரியும், குண்டூசிகூட வேண்டாம். தைத்துப் பிரித்தால் நாலு மூலையும் ஒரே புள்ளியில் வந்து நிற்கும். யாரும் பாராட்டாவிட்டாலும் பரவாயில்லை, அந்த ஒரு புள்ளிக்காகவே தைக்கலாம்.

சரி, குறைகளுக்கு வருவோம். செட்டில் மட்டமானது மேட்தான். பொருளில் குற்றமில்லை, கத்தி பட்ட கீறல் தானே மூடிக்கொள்கிறது. ஆனால் ஏ3 என்பது சதுரங்களைச் சீர்செய்யப் போதும், பட்டை வெட்டப் போதாது. 44 அங்குல அகலத் துணியை ஒருமுறை மடித்தால் 22 அங்குலம். அதை வெட்ட 24 அங்குல ஸ்கேலும் அதற்கேற்ற மேட்டும் வேண்டும். செட்டோடு வந்த 12 அங்குல ஸ்கேலுக்கு இன்னொரு முறை மடித்தாக வேண்டியிருக்கிறது. மடிப்புக் கூடக்கூட வம்புதான். மடிப்புக்கு ஸ்கேல் செங்குத்தாக இல்லையென்றால், வெட்டிய பட்டையை விரிக்கும்போது மடிப்பு இருந்த இடத்தில் முழங்கை மாதிரி வளைந்து நிற்கும். அப்புறம் மேட்டில் அச்சடித்த கோடுகளை நம்பி வெட்டாதீர்கள். என் மேட்டின் கோடும் ஸ்கேலின் கோடும் ஒரு ஓரத்தில் ஒத்துப்போவதில்லை. அளவுக்கு ஸ்கேல், மேஜையைக் காப்பாற்ற மேட் என்று வைத்துக்கொள்வது உத்தமம். மேட்டை வெயிலில் வைக்கக் கூடாது, அதன்மேல் இஸ்திரி போடவே கூடாது, நெளிந்துவிடும்.

ஸ்கேல் துணிமேல் வழுக்குகிறது. அடியில் நாலு மூலையிலும் உப்புத்தாள் துண்டை வட்டமாக வெட்டி ஒட்டியதும் அந்தத் தொல்லை தீர்ந்தது. பிடிப்பதிலும் ஒரு முறை உண்டு. ஸ்கேலின் நடுவில் விரல்களை விரித்து அழுத்தி, சுண்டுவிரலை ஓரத்துக்கு வெளியே துணிமேல் ஊன்றிக்கொண்டால் நகராது. கத்தி ஓடுவது எப்போதும் உடம்பைவிட்டு வெளிப்பக்கமாக.

பிளேடுதான் ஓயாத செலவு. துணியில் மறந்துபோன குண்டூசிமேல் ஒருமுறை ஏறினால் முனையில் நுண்ணிய பள்ளம் விழுந்துவிடும். அதற்கு அடையாளம் எளிது: ஏறத்தாழ 14 சென்டிமீட்டருக்கு ஒருமுறை, அறுபடாமல் இரண்டு மூன்று இழை விட்டுப்போகும். 45 மில்லிமீட்டர் சக்கரத்தின் ஒரு முழுச் சுற்று அவ்வளவு தூரம். அதைப் பார்த்ததும் பிளேடை மாற்றிவிட வேண்டும், பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தி வெட்டினால் மணிக்கட்டும் போகும், மேட்டும் போகும். காகிதமும் இதற்குப் பகை, சீக்கிரம் மழுங்கடித்துவிடும். வீட்டில் ஒருவர் பார்சல் அட்டையை வெட்ட இதைக் கையில் எடுத்தார். நான் பார்த்த பார்வையில் வைத்துவிட்டார். இப்போது பழைய பிளேடு போட்ட இன்னொரு கைப்பிடி அவருக்கென்றே இருக்கிறது.

எனக்குப் பெரிய ஆட்சேபணை பாதுகாப்பு மூடிமேல். இந்த மாடலில் அதை நாம்தான் தள்ளி மூட வேண்டும். கை எடுத்ததும் தானே மூடிக்கொள்ளும் மாடல்களும் இருக்கின்றன. வீட்டில் சின்னக் குழந்தைகளோ பூனையோ இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதையே வாங்குங்கள். விரலை வெட்ட இந்தக் கத்திக்கு அழுத்தம்கூடத் தேவையில்லை. இடக்கைக்காரர்கள் பிளேடைக் கழற்றி மறுபக்கம் மாட்ட முடிகிறதா என்று பார்த்து வாங்கவும். இதில் முடிகிறது.

செட்டாக வாங்கலாமா என்றால், வேண்டாம் என்பேன். கட்டர் தனியாக, 6க்கு 24 அங்குல ஸ்கேல் தனியாக, உங்கள் மேஜை தாங்கும் பெரிய மேட் தனியாக. செட்டில் வந்த குட்டி ஸ்கேலை, தைத்து முடித்த சதுரங்களின் ஓரம் சீவ மட்டும் வைத்திருக்கிறேன். அதற்கு அது அருமை. வளைவுகள் வெட்டுவதானால் 28 மில்லிமீட்டர் பிளேடு போட்ட கட்டர் எளிதாகத் திரும்பும். பூவும் இலையுமாக வெட்டி மேலே ஒட்டித் தைப்பவர்களுக்கும், அறுகோணக் காகித அச்சுமேல் துணியைச் சுற்றிக் கையாலேயே சேர்ப்பவர்களுக்கும் கூரான கத்தரிக்கோலே போதும், இந்தச் செலவே வேண்டாம். நேர்கோட்டு வேலைக்காரர்களுக்கு கட்டருக்கு மட்டும் ஐந்துக்கு நாலரை தருவேன், செட்டுக்கு மூன்று.

கழற்றிய பிளேடுகளை அப்படியே குப்பையில் போடாதீர்கள். மூடி போட்ட தகர டப்பாவில் சேர்த்து, நிறைந்ததும் டேப் சுற்றி, மேலே ‘கத்தி’ என்று எழுதிக் கொடுங்கள்.