உலக சாம்பியன்ஷிப்பா, வேர்ல்டு மேட்ச்ப்ளேயா?

வட்டப் பலகையில் சிறு அம்புகளை எறியும் டார்ட்ஸ் ஆட்டத்தைப் புதிதாகப் பின்தொடர்பவர்கள், பி.டி.சி. என்னும் தொழில்முறை டார்ட்ஸ் அமைப்பின் இந்த இரு தொடர்களில் எதை முதலில் பார்ப்பது என்று தயங்குகிறார்கள். இரண்டுமே 1994-இல் முதல் சாம்பியனைக் கண்டவை.

களம்: உலக சாம்பியன்ஷிப் இங்கிலாந்தின் பர்ஃப்ளீட்டில் தொடங்கி, 2007 டிசம்பர் முதல் லண்டனின் அலெக்சாண்ட்ரா பேலஸில் நடக்கிறது.
மேட்ச்ப்ளே ஜூலையில், பிளாக்பூல் விண்டர் கார்டன்ஸில்.

முறை: முன்னதில் செட் கணக்கு. 501 புள்ளிகளை முதலில் பூஜ்ஜியமாக்குபவருக்கு ஒரு லெக், மூன்று லெக் வென்றால் ஒரு செட், இறுதிப்போட்டியை வெல்ல ஏழு செட்.
பின்னதில் லெக் கணக்கு மட்டுமே. வெல்ல இரண்டு லெக் முன்னிலையும் வேண்டும். செட்களே இல்லாததால் பின்தங்கியவருக்குப் புதிய செட் என்ற மறுதொடக்கம் கிடையாது. ஆட்டத் தரத்தை நேர்மையாக அளப்பது இதுவே என்பது என் கருத்து.

சாதனை: ஃபில் டெய்லர் முன்னதில் 14 பட்டங்களும் பின்னதில் 16 பட்டங்களும் வென்றார், மேட்ச்ப்ளே கோப்பை இன்று அவர் பெயரையே தாங்குகிறது. லூக் லிட்லர் 2025-இல் இரண்டையும் வென்றார். உலகப் பட்டத்தை வென்றபோது அவருக்கு வயது 17.

ஆனால் 2023 உலக இறுதிப்போட்டியின் அந்த ஒரு லெக்குக்கு ஈடில்லை: ஒரு லெக்கை முடிக்கக் குறைந்தது ஒன்பது டார்ட்கள் தேவை. எட்டைப் பிசகின்றி எறிந்த நெதர்லாந்து வீரர் மைக்கேல் வான் கெர்வன் ஒன்பதாவதை இரட்டை 12-இல் (12-இன் இரு மடங்கு தரும் வளையப் பகுதி) தவறவிட, அடுத்து வந்த இங்கிலாந்தின் மைக்கேல் ஸ்மித் தமது ஒன்பதாவதை அதே இரட்டை 12-இல் பதித்தார்.

திருப்பங்களையும் விழாக்கோலத்தையும் விரும்புவோர் உலக சாம்பியன்ஷிப்பிலிருந்து தொடங்கலாம். 32 பேர் மட்டும் மோதும் இடைவிடாத ஆட்டத்தை நாடுவோருக்கு மேட்ச்ப்ளேயே பொருந்தும்.